முதலில் அடுத்தவர் சொன்னதைச் சொல்

அருமைநாயகம் ஆசிரியர் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறிந்தவரல்லர். வேம்பாருக்குத் தெற்கே, கடற்கரை ஊர் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் 1972 ஜூன் மாதம் வேலையில் சேர்ந்த ஆணை முதல் 1978இல் கைக்கு வந்த கடைசி ஆணை வரை, இருபத்தேழு தாள்கள் தேதிவாரியாக அவரது கோப்பில் இருக்கின்றன. ஆனால் 1974 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அந்த இருபத்தேழில் ஒன்றிலும் இல்லை.

அவர் தாமிரவருணிப் பக்கம் நெல் விளையும் ஊர்க்காரர். கடற்கரைக்கு வந்த புதிதில் அவரை வியக்க வைத்தது ஒன்றுதான். கரையில் மீனை ஏலம் விடும்போது பத்து வயதுப் பிள்ளைகூட வியாபாரியை மடக்கிப் பேசும். அதே பிள்ளை வகுப்பில் என்ன கேட்டாலும் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பேச்சுக்குக் குறைவில்லை, பாடத்தைப் பற்றிப் பேசும் பேச்சுத்தான் இல்லை என்று அவர் கண்டார். எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவருக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. தாமாகவே ஒரு நோட்டுப் போட்டு வாக்கியங்களைத் திரட்டினார். 'இதற்குச் சான்று என்ன?' 'நீ சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.' 'எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால்...' இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு விதி: மறுத்துப் பேச விரும்புகிறவர், முதலில் அடுத்தவர் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். காது கொடுத்துக் கேட்டதற்கு அதுவே சாட்சி.

விதி நல்ல விதிதான். முதல் நாளே அடிதடியில் முடிந்தது.

"சார், இந்த மெட்டில்டா என்னைய வலிச்சம் காட்டுதா!" என்று பாஸ்கல் எழுந்து கத்தினான்.

"ஏலே, சார்தாம்ல அப்பிடிச் சொல்லச் சொன்னாவ!"

"அதுக்கு என் மூக்கால பேசணுமாளா?"

"உன் பேச்சே மூக்காலதான வருது. நான் என்ன செய்ய?"

அந்தக் கரையில் ஒருவர் சொன்னதை அவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்வதுதான் வலிச்சம், ஏளனம். பெண்கள் சண்டையில் கடைசியாக எடுக்கும் ஆயுதம் அது. ஆசிரியர் இதைப் புரிந்துகொண்டு, கேலியில்லாமல் சொல்லப் பழக்குவதற்கு மூன்று மாதம் ஆயிற்று. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் ஏழாம் வகுப்பு பழகிவிட்டது. எல்லோரிலும் முந்தியவள் மீனவர் ரோச்சின் மகள் மெட்டில்டாதான். மற்றவர்கள் வாக்கியத்தை ஒப்பித்தார்கள். அவள் அதைக்கொண்டு யோசித்தாள்.

பிப்ரவரியில் ஆய்வாளர் வந்தார். அருமைநாயகம் அப்போது தகுதிகாண் பருவத்தில் இருந்தார். ஆய்வாளர் நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். வகுப்பின் பழக்கத்தைப் பற்றி முன்கூட்டியே அவரிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளைகள் தாமாகப் பேசுவதைக் கண்டு அவர் வியக்கட்டும் என்று ஓர் ஆசை.

ஆய்வாளர் சாக்பீஸை எடுத்துக் கடலும் கரையும் வரைந்தார். "பகல்ல காத்து கடல்லேருந்து கரைக்கு வீசும். அதனாலதான் மீனவங்க பகல்ல கடலுக்குப் போறாங்க. சரிதானே?"

மெட்டில்டா எழுந்தாள். "ஐயா, பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், அதனால்தான் மீனவர்கள் பகலில் கடலுக்குப் போகிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால்—"

அவள் அப்பாவின் வள்ளம் விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பும். அதைத்தான் அவள் சொல்லவிருந்தாள்.

"என்ன, பழிப்புக் காட்டுறியா?" ஆய்வாளரின் முகம் சிவந்தது. "யார் சொல்லிக் கொடுத்தது இதை?"

மெட்டில்டா ஆசிரியரைப் பார்த்தாள். வகுப்பு முழுவதும் பார்த்தது. 'நான்தான் சொல்லிக் கொடுத்தேன்' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும்.

"மன்னிச்சிருங்க சார். கொஞ்சம் வாய்த்துடுக்கான பிள்ளை," என்றார் அருமைநாயகம். அவள் பக்கம் திரும்பி, "முழங்கால் போடு," என்றார்.

அவள் போட்டாள். 'நீங்கதான சார் சொன்னிய' என்று அவள் கேட்டிருந்தால் அவருக்கு இத்தனை ஆண்டு பாரம் இருந்திராது. அவள் கேட்கவில்லை.

அப்படியும் வேலை நிரந்தரமாகவில்லை. 'வகுப்பில் ஒழுங்கில்லை, எதிர்த்துப் பேசுதல் ஊக்குவிக்கப்படுகிறது' என்று அறிக்கை வந்தது. தகுதிகாண் பருவம் நீண்டது. அவர் பதினோரு மேல்முறையீடுகள் அனுப்பினார். மூன்றாவதில், 'அம்மாணவி நான் கற்பித்த முறையிலேயே பேசினாள்' என்று தெளிவாக எழுதினார். முகம் தெரியாத அதிகாரிகளுக்கு எழுத முடிந்த அந்த வரியை, மூன்றாம் பெஞ்சில் இருந்தவளிடம் சொல்ல முடியவில்லை. அவள் எட்டாம் வகுப்போடு நின்றுபோனாள்.

1978 ஆகஸ்டில் அறிக்கையின் அந்தக் குறிப்பு நீக்கப்பட்டதாக ஆணை வந்தது. அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து ஊர் கலைந்தபின், அவர் அதன் நகலோடு ரோச்சின் வீட்டுக்குப் போனார். ரோச் வலை பார்க்கப் போயிருந்தார். மெட்டில்டாவின் தாய் பிலோமினா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"மெட்டில்டா, அன்னைக்கு நீ பேசுனதுல தப்பில்லைன்னு இப்ப எழுதிக் குடுத்துட்டாவ. உன்னைய முழங்கால் போடச் சொன்னது என் தப்பு," என்றார்.

"அதெல்லாம் இல்ல சார். நான்தான் பெரியவங்ககிட்ட அப்படிப் பேசிருக்கக் கூடாது," என்றாள் அவள், நிலைப்படியில் நின்றபடி.

தண்ணீர்ச் செம்பை நீட்டிய அவள் விரல்களில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. தூத்துக்குடி இறால் கம்பெனியில் ஐஸில் கிடக்கும் இறாலைத் தோலுரிக்கும் வேலை.

"கைக்கு உறை தரமாட்டாவளா?"

"நாலு பேரு கேட்டாவ சார். அவங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவ. நான் கேக்கல."

பிலோமினாவின் முகத்தில் பெருமை தெரிந்தது. "அவ எங்கனயும் எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டா சார். மேஸ்திரியே சொல்லுதாரு, இப்படிப் பிள்ளை கிடைக்காதுன்னு. எல்லாம் நீங்க வளர்த்த வளர்ப்பு."

இல்லை என்று மறுக்க வேண்டிய இடம் அது. அருமைநாயகம் செம்பைக் கீழே வைத்தார். நகலை நான்காக மடித்தார். ஊருக்குப் போகும் பதினொரு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்துகொண்டார்.