செத்த கணக்கில் பத்தொன்பது பேர்

போன் அக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் தெரியாத ஆள் கிடையாது. ஆராய்ச்சிப் பிரிவில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஒரு மேசை, ஒரு போன், ஒரு தடித்த நோட்டு. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. எடுக்கிற வரைக்கும் விடமாட்டாள்.

இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் இருக்கிறதே, அது சிலருக்கு சைக்கிள் டியூப் மாதிரி உப்பிக் கிழிந்துவிடும். நெஞ்சைத் திறக்காமல் அதைச் சரிசெய்ய, பெரிய டாக்டரும் அவர் ஆட்களும் புதுமாதிரி துணிக்குழாய் ஒன்று செய்திருந்தார்கள். தொடையில் சின்னதாகக் கீறி, மடித்த குழாயை உள்ளுக்குள்ளேயே மேலே அனுப்பி, கிழிசல் இருக்கிற இடத்தில் விரித்துவிடுவது. நூற்றிருபது பேருக்கு வைத்தாயிற்று. ஐந்து வருஷம் கழித்து அவர்கள் நன்றாக இருப்பதைக் காட்டினால்தான் அடுத்தவர்களுக்கு வைக்க அரசாங்கத்தில் அனுமதி கொடுப்பார்கள்.

ஐந்து வருஷம் முடிகிற நேரத்தில் எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது பேரைக் காணோம்.

"காணாதவங்களை இறந்தவங்களாத்தான் எழுதணும்மா, விதி அப்படி," என்றார் டாக்டர், முகம் செத்துப்போய். "பத்தொன்பது சாவுன்னா இந்தச் சிகிச்சையவே மூடிடுவாங்க. மூணு வாரம்தான் இருக்கு."

"என் நோட்டுல இருக்கிற ஆளை என்னைக் கேக்காம யாரும் சாகடிக்க முடியாது சார்," என்று போன் அக்கா செருப்பை மாட்டினாள்.

முதலில் போனது ஒரு கொத்தனார் வீட்டுக்கு. "ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன்" என்றதும் அவர் மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அவரு வெளியூர் போயிருக்காரு."

உள்ளே யாரோ இருமினார்கள்.

"அது யாரு?"

"பூனை."

"பூனைக்கு பிரஷர் மாத்திரை தவறாம குடுக்கிறியாம்மா?"

உள்ளே இருந்த பூனைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார், முழங்கை வரைக்கும் சிமெண்ட். "கோவிச்சுக்காதீங்கக்கா. கனம் தூக்கக் கூடாதுன்னாரு டாக்டர். நான் ரெண்டாம் வருஷமே மூட்டை தூக்க ஆரம்பிச்சிட்டேன். தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாருன்னுதான் நம்பரை மாத்தினேன்."

அவளுக்கு அங்கேயே பொறி தட்டியது. காணாமல் போனவர்கள் செத்தவர்கள் இல்லை, திட்டுக்குப் பயந்தவர்கள். பீடியை விடாதவர், மாத்திரையை நிறுத்தினவர், எடை கூடிப்போனவர் என்று ஆளுக்கொரு திருட்டுத்தனம். நன்றாக இருக்கிறவன்தானே ஒளிவான்?

அன்றிலிருந்து அண்ணன், மச்சான், பக்கத்து வீடு என்று எந்த நம்பர் கிடைத்தாலும் முதல் பேச்சே இதுதான்: "யாரும் திட்ட மாட்டாங்க, நான் பொறுப்பு. ஒரு ஸ்கேன் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

இரண்டு பேர் நிஜமாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதை அப்படியே எழுதினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒருத்தரைக் கடைசி வரைக்கும் பிடிக்க முடியவில்லை, அதில் அவளுக்கு இன்றைக்கும் கோபம். மற்ற பதினாறு பேரும் வந்து நின்றார்கள். ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சு பற்றவில்லை. பதினாறு பேருக்கும் குழாய் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

கொத்தனாரைப் பார்த்ததும் டாக்டர் வாயைத் திறந்தார். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"வாக்கு குடுத்திருக்கேன் சார். நாளைக்குத் திட்டுங்க."

டாக்டர் வாயை மூடிக்கொண்டு, கொத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அனுமதி வந்த வாரமே ஒரு பஸ் டிரைவருக்குக் குழாய் வைத்தார்கள். போன் அக்கா நோட்டோடு போய் அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கிற நம்பரெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

"டாக்டருக்குப் பயந்து ஒளியணும்னா உன் வீட்டுக்காரர் எங்க போவாரு?"

அந்தப் பெண் யோசித்தாள். "எங்க அக்கா வீட்டுக்குத்தான்."

"அந்த நம்பரையும் சொல்லு."