ஏரிக்கரை ஃப்ளாட்டுக்கு வந்த செல்வி

ஆவடியில் படகு சவாரி விடும் ஏரியைப் பார்த்தபடி அக்கா வாங்கியிருக்கும் ஃப்ளாட்டில் இரண்டு நாள் தங்க வந்திருக்கிறேன்.

இன்று காலை, ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் தண்ணீரில் விழுந்து மூழ்கிவிட்டார். தீயணைப்புப் படகு தேடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி செல்வி கரையில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் பாட்டிலோடு இறங்கிப் போனேன்.

"யக்கா, பாத்ரூம் போவணும். காலைல இருந்து இங்கயே குந்திகினு கீறேன்" என்றார் மெதுவாக.

அழைத்து வந்தால், கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். "வெளியாள உள்ள உட்டா என் வேல பூடும் மேடம்."

"இவங்க எங்க ஊட்டுக்கு வந்தவங்க" என்று சொல்லி லிஃப்டில் மேலே கூட்டிப் போனேன்.

காபி போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். "அவர வெளிய எடுக்கசொல்லோ நான் அங்க இருக்கணும்க்கா."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். செல்வி அங்கேதான் இருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

திரும்பி வந்ததும் அக்கா தன் போனை நீட்டினாள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள்.

"லிஃப்ட் முழுக்க சேறு. யார் வீட்டு ஆள்?"

"இன்று மாலை படகு சவாரி உண்டா?"

"நீயே பதில் போடு" என்றாள் அக்கா.

முதல் கேள்விக்கு என் பெயரைப் போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு என்ன எழுதுவது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.