பெவ்வின் சம்பளச் சீட்டு

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ கடற்கரை விடுதியில் பதினோரு வருடமாக அறை துடைத்துப் படுக்கை விரிக்கும் கெய்னருக்கு உலகத்தில் கண்ணால் பார்க்கப் பிடிக்காதது ஒன்றுதான்: பெவ்வின் சம்பளச் சீட்டு.

கெய்னர் நிரந்தர வேலைக்காரி. கோடையோ குளிரோ, வாரம் முப்பது மணி. பெவ்வோ அதே விடுதியில் கூப்பிட்டால் மட்டும் வருகிறவள்; ஒரு வாரம் நாற்பது மணி, மறுவாரம் நாலு. அப்பேர்ப்பட்டவளின் சீட்டில் விடுப்புச் சம்பளம் என்று வாராவாரம் ஒரு தொகை தனியாக வருகிறது. நூறு பவுண்டு உழைத்தால் மேலே பன்னிரண்டு சொச்சம்.

"என்னடி இது, லீவே போடாம லீவு சம்பளம்?"

"யாருக்குத் தெரியும்? குடுக்குறாங்க, வாங்கிக்கிறேன்," என்றாள் பெவ், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "உனக்கு வரலையா? ஐயோ பாவம்!"

கெய்னருக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று வந்தவளுக்கு உபரிக் காசு, இடுப்பொடிய உழைத்தவளுக்கு 'ஐயோ பாவம்'! நேராக மேலாளர் ஹோவர்டிடம் போனாள்.

"என்னையும் பெவ் மாதிரி மாத்திடுங்க."

"கெய்னர், நீங்க லீவுல இருக்கும்போது உங்களுக்குச் சம்பளம் வருது. அவங்களுக்கு அப்ப வராது. அதைத்தான் முன்கூட்டியே பிரிச்சுக் குடுக்கிறோம். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னா மாத்துறதுக்கு என்ன?"

பொறாமைக்குக் காது ஏது? மூன்று தடவை சொல்லிப் பார்த்த ஹோவர்ட் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.

கோடை முழுக்க அந்தத் தொகை வந்தது. வாராவாரம் பொரித்த மீனும் உருளைக்கிழங்குமாகக் கரைந்தது. பெவ்வின் முன்னால் நெஞ்சு நிமிர்த்தி நடந்தாள் கெய்னர். பெவ் ஏன் பதிலுக்கு முறைக்கவில்லை என்று அவள் யோசிக்கவே இல்லை. கெய்னர் கையெழுத்துப் போட்டதும் காலியான நிரந்தர இடத்துக்கு பெவ் அன்றைக்கே விண்ணப்பம் போட்டிருந்தாள். வேலையும் கிடைத்துவிட்டது.

அக்டோபரில் கூட்டம் வடிந்தது. கெய்னருக்கு வாரம் ஐந்து மணி வேலை கிடைப்பதே பெரும்பாடானது. வருடா வருடம் அக்கா வீட்டில் கழிக்கும் ஒரு வாரத்துக்குச் சம்பளம் கேட்டாள்.

"அதைத்தான் கோடையிலயே வாங்கிட்டீங்களே," என்றார் ஹோவர்ட்.

அக்கா வீட்டுக்கு அந்த வருடம் அவள் போகவில்லை. நவம்பரில் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஹோவர்ட்.

"கெய்னர், ரெண்டு வாரம் முப்பது முப்பது மணி வேலை இருக்கு. வர முடியுமா?"

"வர்றேன், கட்டாயம் வர்றேன்! திடீர்னு எப்படி இவ்வளவு மணி?"

"பெவ் லீவுல டெனெரீஃப் தீவுக்குப் போறாங்க. அவங்க இடத்துக்குத்தான் ஆள் வேணும்."