எங்கே போறீங்கன்னு கேட்காதீங்க!

“டிக்கெட் போடுங்க. நான் வந்துடறேன்.”

போன மாதம் ஒரு நாள் விடிகாலை. வீடியோ காலில் வந்த என் மனைவி மல்லிகா, ஹலோகூடச் சொல்லாமல் சொன்ன முதல் வார்த்தை இது. அவள் தாய்லாந்து போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு மல்லிகாவைத் தெரியும். நான் எழுதுவதை முதலில் படித்து உதட்டைப் பிதுக்குகிறவள். காஞ்சிபுரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் வருஷக்கணக்காக இங்கிலீஷ் டீச்சர். மகன் வேலை கிடைத்து பெங்களூரு போனதும், “நானும் ஒரு தடவை எங்கயாவது போய்ட்டு வரேங்க” என்றாள். பக்கத்துத் தாமல் ஏரி வரைக்கும் இருக்கும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அவளோ தாய்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் வேலையே வாங்கிவிட்டாள்! முதல் சில மாதம் புரொபேஷன். நல்ல பேர் வாங்கினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

“என்ன ஆச்சு மல்லிகா? பசங்க சேட்டையா?”

“பசங்க தங்கம். எதிர்ல வாழைப்பழம் சுட்டு விக்கிற சோம் அக்காதாங்க பிரச்சினை. தெனம் நான் கிளம்பசொல்ல எங்க போறேன்னு கேட்டுக்கினே இருக்குது!”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. உயிர் பயம்தான்.

காரணம் இருக்கிறது. மல்லிகா பிறந்து வளர்ந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் குடும்பத்தில். நெய்து முடித்த புடவையை எடுத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிளம்புகிறவரை அந்தத் தெருவில் யாராவது “எங்கே?” என்று கேட்டுவிட முடியுமா? கேட்டால் போகிற காரியம் விளங்காது. புடவையில் குறை சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் “என்னப்பா, தூரமா?” என்று பட்டும் படாமலும்தான் விசாரிப்பார்கள். விவரம் தெரியாத விருந்தாளி யாராவது கேட்டுத் தொலைத்தால் பரிகாரம் உண்டு. உள்ளே திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும்.

எம்.ஏ., எம்.எட். எல்லாம் முடித்த மல்லிகா இன்றைக்கும் அதைத்தான் செய்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னையும் அவள் “எங்கே போறீங்க?” என்று கேட்டதே இல்லை. என் நண்பர்கள் பொறாமைப்படுகிற விஷயம் அது.

தாய்லாந்தில் நிலைமை தலைகீழ். அங்கே அதுதான் வணக்கம்! “பை நை?” என்பார்களாம். “எங்கே போறே?” என்று அர்த்தம். தெரிந்தவர்களைப் பார்த்தால் அன்பாகக் கேட்டு வைப்பது. உடன் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் டீச்சர் ஒருத்தி அர்த்தம் சொன்ன நாளோடு மல்லிகாவின் நிம்மதி போயிற்று.

காலையில் படி இறங்குவாள். சோம் அக்கா அடுப்புப் புகைக்கு நடுவிலிருந்து வாயெல்லாம் பல்லாக, “பை நை?” மல்லிகா திரும்பி மாடியேறுவாள். உட்காருவாள். தண்ணீர் குடிப்பாள். மறுபடி இறங்குவாள். இரண்டாவது தடவை பார்த்த சந்தோஷத்தில் அந்த அம்மாள் மறுபடியும்... “பை நை?”

பின் சந்து வழியாகப் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு பைக் மெக்கானிக். அவரும் நல்ல மனுஷர். அவரும் கேட்டார்.

விளைவு? காலைக் கொடியேற்றத்துக்குத் தினமும் லேட். டிபார்ட்மென்ட் தலைவி கூப்பிட்டு, சிரித்த முகத்தோடே, “இப்படியே போனால் கஷ்டம் டீச்சர்” என்று சொல்லிவிட்டார்.

“இதுக்கு மேல என்னங்க சகுனம் வேணும்? இந்த ஊரு எனக்கு ஆவாது.”

ஒரு நல்ல கணவன் அப்போது தைரியம் சொல்லியிருக்க வேண்டும். நான் பாய்ந்துபோய் டிக்கெட் விலை பார்த்தேன். மெஸ் சாம்பாரில் நாக்கு செத்துப்போயிருந்தது. அது மட்டுமா... நான் எழுதியதைப் படித்து உதட்டைப் பிதுக்க வீட்டில் ஆள் இல்லை. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. “இந்த வாரம் மட்டும் பாரேன்” என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னிக்கு சோம் அக்கா கேக்கலைங்க.”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது? என்னைப் பாத்ததும் மூஞ்சிய திருப்பிக்கினாங்க. நான் தெனம் திரும்பித் திரும்பி மாடிக்கு ஓடறேன் இல்ல... அவங்களைப் புடிக்கலைன்னு நெனச்சுக்கினாங்க போல. இன்னிக்கு கரெக்ட் டைமுக்கு ஸ்கூல்ல இருந்தேன். ஆனா வழியெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சுங்க. இந்த ஊர்ல தெனம் நான் எங்க போறேன்னு கேக்க இருந்தது அந்த ஒரு ஆளுதான்.”

டிக்கெட் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் இறங்கியபோது சோம் அக்கா தள்ளுவண்டியை மார்க்கெட் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாராம். இவள் பக்கம் முகம் திரும்பவில்லை. மல்லிகா மனசுக்குள் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் யாரும் செய்யாததைச் செய்தாள். பின்னாலேயே ஓடி, சத்தமாக—

“பை நை?”

வண்டி நின்றது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, சிரித்து, மார்க்கெட் இருக்கும் திசையைக் கை காட்டினாராம். பிறகு, “நீ பை நை?” என்பதுபோல் இவளைப் பார்த்து மோவாயை ஆட்டினாராம். மல்லிகா ஸ்கூல் பக்கம் கை காட்டினாள். அக்கா அவள் கையில் ஒரு சுட்ட பழத்தைத் திணித்து அனுப்பியிருக்கிறார்.

அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. லேட்டும் இல்லை. மல்லிகா அங்கேயே இருக்கிறாள்.

சரி, நான்? பள்ளி லீவில் அவளைப் பார்க்கப் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு அப்ளை செய்தேன். போன வாரம்தான் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஃபைலும் கையுமாகச் செருப்பை மாட்டும்போது வீடியோ கால். அங்கே லஞ்ச் பிரேக். என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்ததும் மல்லிகா வாய் நிறையச் சிரிப்போடு கேட்டாள்:

“எங்க போறீங்க?”

இத்தனை வருஷத்தில் முதல் தடவை! கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. “ஐயையோ, வாய் தவறி வந்துடுச்சுங்க... உள்ள போய் ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு கிளம்புங்க!”

“அட போம்மா, இதையெல்லாம் நம்பற ஆளா நான்?” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பிறகு உள்ளே போய், உட்கார்ந்து, இரண்டு டம்ளர் குடித்தேன். போகிற இடம் மல்லிகா இருக்கிற இடமாயிற்றே... இதில் போயா ரிஸ்க் எடுப்பது?