ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முடிந்த வரிச்சலுகை

என் மனைவியின் கார் டோல்வே என்கிற சுங்கச் சாலையில் மூன்றாவது முறையாக நின்றபோது, இனி மெக்கானிக்கிடம் போவதில்லை என்று முடிவெடுத்தோம். பிளானோவிலிருந்து இர்விங் அலுவலகத்துக்கு அவள் தினமும் ஓட்டியாக வேண்டும். பெட்ரோலிலும் ஓடும், வீட்டில் பிளக் குத்தி சார்ஜும் ஏற்றலாம் என்கிற ஹைபிரிட் வேன் ஒன்று அவளுக்குப் பிடித்திருந்தது. விலைதான் கையைக் கடித்தது. மத்திய அரசின் ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் வரிச்சலுகை கிடைத்தால் வாங்கலாம். இல்லையென்றால் மறுபடியும் அந்த நின்றுபோகும் கார்தான்.

சலுகையைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். ஆதாரம், வாட்ஸப்.

"எந்த ஹைபிரிட் வாங்கினாலும் கவர்மென்ட் வீட்டுக்கு செக் அனுப்பிடும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"பிளக் இல்லாத ஹைபிரிட்டுக்கு ஒண்ணும் கிடையாது. செக்கும் வராது. நாம கட்டற டாக்ஸ்லேர்ந்து கழிச்சுப்பாங்க, அவ்வளவுதான். டாக்ஸே இல்லேன்னா சலுகையும் இல்ல. தலை இருந்தாத்தானே குல்லா? நல்லவேளை, நமக்குத் தலை இருக்கு."

அந்தத் தலையில் என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தையும் விடாமல் படிக்கிறவள் அவள். வரித்துறையின் கேள்வி பதில் பக்கங்களை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரால் கோடிட்டு வைத்திருந்தாள்.

நான் செய்த ஆராய்ச்சியெல்லாம் சென்னையிலிருந்து வந்த தினசரிக் காலண்டரில். என் கார் ராகு காலத்தில் எடுத்தது. மூன்றாம் நாளே ஆலங்கட்டி மழை பெய்து, பானட் இட்லித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. தெருவில் நின்ற அத்தனை கார்களுக்கும் அப்படித்தான் ஆனது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆகவே இந்த வண்டி ஆயுத பூஜையன்றுதான் என்று முடிவுசெய்து, ஊரில் அம்மாவுக்கும் சொல்லியாகிவிட்டது. காலண்டர்படி அக்டோபர் ஒன்று. சலுகையோ செப்டம்பர் முப்பதோடு சரி. இது டீலரிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு ஜூலையிலிருந்தே தெரியுமாம்.

அது செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை. செவ்வாய்க்குள் முடித்தாக வேண்டும் என்றார் விற்பனையாளர். புதன்கிழமைக்கு முன் வண்டி எடுக்க முடியாது, அன்றைக்கு வண்டிகளுக்கெல்லாம் பண்டிகை என்றேன். இத்தனை வருஷமாக வண்டி விற்கிறேன், எந்த வண்டியும் என்னிடம் சொன்னதில்லையே என்றார் மனிதர்.

அவள் மஞ்சள் கோடு போட்ட தாளை மேசைமேல் விரித்து அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். பிறகு எனக்குத் தமிழில்: "முப்பதாம் தேதிக்குள்ள காண்ட்ராக்ட் சைன் பண்ணி அட்வான்ஸ் கட்டிட்டாப் போதும். வண்டிய அப்புறம் எடுத்துக்கலாம். அவங்களே எழுதியிருக்காங்க, பாருங்க."

விற்பனையாளர் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். சரிதான் என்றார். தாளை ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று பவ்யமாகக் கேட்டார்.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகால்.

"ஏம்மா, சனிக்கிழமை ராகு காலம் பத்தரை வரைக்கும்..."

"தெரியும். அதுக்குத்தானே இவ்ளோ நேரமா கேள்வி மேல கேள்வி கேட்டு இழுத்துட்டிருக்கேன். போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க."

புதன்கிழமை சாவியை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. டீலர் வரித்துறைக்கு அனுப்பிய விற்பனை அறிக்கையின் நகலைக் கேட்டாள். அது இல்லாமல் சலுகையைக் கோர முடியாதாம். முன்கண்ணாடிமேல் குனிந்து, அதன் அடியில் பொறித்திருந்த வண்டியின் பதினேழு இலக்க அடையாள எண்ணை அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் தாளில் சரிபார்த்தேன். எட்டாவதில் இடம் தவறினேன். "மறுபடியும் முதல்லேர்ந்து" என்றாள். பதினொன்றாவதில் தவறினேன். தாளை வாங்கித் தானே பார்த்துக்கொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது.

நான்கு எலுமிச்சம்பழத்தின்மேல் வேனை ஏற்றி, டோல்வே பக்கம் திருப்பி, நேராக ஆபீசுக்குப் போய்விட்டாள். மேனேஜர் வாசல்வரை வந்து அவள் போவதைப் பார்த்தார். பிறகு தரையில் நசுங்கிக் கிடந்த பழங்களைப் பார்த்தார். உள்ளே போய்த் துடைப்பம் ஒன்றை எடுத்துவந்து, என்னிடம் கொடுத்தார்.