ஆள் உயரத்தில் ஒரு பல்பு

எங்கள் வீட்டில் பல்புக்கும் பிறந்த தேதி உண்டு. புது பல்பு வாங்கி வந்ததும் அப்பா ஓர் ஆணியை எடுத்து, அதன் பித்தளைப் பூணில் அன்றைய தேதியைக் கீறுவார். அதன் பிறகுதான் அது ஹோல்டருக்குள் போகும். தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். எந்தச் சாமான் எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று எழுதியே பழகிய கை. பல்பு ஃப்யூஸ் ஆனால் கழற்றித் தேதியைப் படித்துவிட்டு, "பதினோரு மாசம்தான். இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்பார், ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் போய்விட்ட மாதிரி.

எண்பதுகளின் கடைசியில் பொழிச்சலூரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தோம். கரண்ட் கம்ப வரிசையில் எங்கள் வீடுதான் கடைசி. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டதும் எங்கள் பல்புகள் மங்கிப்போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஊர் சாப்பிட்டுப் படுத்த பிறகு வோல்டேஜ் ஏறி, கண் கூசுகிற மாதிரி எரியும். அப்படி எரிந்துதான் பல்புகள் சீக்கிரம் செத்தன. சும்மா விடுவாரா அப்பா? சட்டங்கள் போட்டார். ஸ்விட்சைத் தட்டித் தட்டி விளையாடக் கூடாது. சூடாக இருக்கும் பல்பை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. ஒன்பது மணிக்கு மேல் தேவையில்லாமல் ஒரு விளக்கும் எரியக் கூடாது.

செத்த பல்பையும் அவர் லேசில் விடமாட்டார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஸ்டூலில் ஏறி, ஹோல்டரோடு பல்பை இப்படியும் அப்படியும் சாய்த்து, விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். அறுந்த கம்பியின் இரண்டு முனையும் எப்படியோ தொட்டுக்கொண்டால் பளிச்சென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பல்பு முன்னைவிடப் பிரகாசமாக எரியும், ஆனால் தும்மினால் போய்விடும். அப்படி ஒரு பல்பு சமையலறையில் எரிந்த ஒரு வாரம் அம்மா இஞ்சி தட்டுவதற்குக்கூடத் தோட்டத்துக்குப் போனாள். "பல்புக்கு உடம்பு சரியில்லையாம்" என்று என்னிடம் சொன்னாள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சானடோரியம் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. இரண்டு பஸ் மாறி ஊர் வந்து சேர ஏழரை ஆகும். பஸ் ஸ்டாப்பிலிருந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். பாதி மனைகள் காலி, தெருவிளக்கு கிடையாது. பக்கத்து ஏர்போர்ட்டில் விமானம் இறங்கும்போது மட்டும் ஒரு வெளிச்சம் வந்து போகும். அம்மாவுக்கு இந்த வேலை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "இருட்டுல ஒரு நாள் ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கே வேலைய விட்டுடணும்" என்று நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினாள். நானும் ஒப்புக்கொண்டேன். எனக்கு இருந்த ஒரே தைரியம் எங்கள் கேட்டுத் தூணில் ஆள் உயரத்தில் எரிந்த பல்பு. தெருமுனை திரும்பியதும் அது தெரியும். அதையே பார்த்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிடுவேன்.

அந்த பல்புதான் அப்பாவுக்குத் தீராத தலைவலி. மாதத்துக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்டருகே உட்கார்ந்து ஆராய்ந்து குற்றவாளியைக் கண்டுபிடித்தார். நான்தான். உள்ளே வந்ததும் இரும்பு கேட்டைக் காலால் ஓர் உதை விட்டுச் சாத்துகிற வழக்கம் எனக்கு. அந்த அதிர்ச்சியில் கம்பி அறுகிறதாம். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டித் தாழ்ப்பாளில் கட்டினார். அப்படியும் பல்பு போனது.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள், லீவு போட்டு வீட்டில் இருந்த அப்பா, யாரிடமோ கேட்டு வந்த வித்தையைச் செய்து பார்த்தார். கேட்டு பல்பையும் கொல்லைப்புற பல்பையும் ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டார். ஒரு பல்புக்கு வருகிற கரண்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆளுக்குப் பாதி வோல்டேஜ். இருபது வருஷம் ஆனாலும் சாகாதாம்.

சாகாது, வாஸ்தவம்தான். எரியவும் எரியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. தெருமுனை திரும்பினேன். எங்கள் வீட்டு வெளிச்சத்தைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில், ஆள் உயரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. யாரோ பீடி குடித்துக்கொண்டு எங்கள் கேட்டில் சாய்ந்து நிற்கிறான். நின்று பார்த்தேன். அவன் அசையவில்லை. அவன் கண்ணில் படாமல் பின்பக்கமாகப் போய்விடலாம் என்று பக்கத்துக் காலி மனைக்குள் இறங்கினேன். அங்கே வீடு கட்டக் கடைக்கால் தோண்டி வைத்திருந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பையோடு விழுந்தேன்.

அலறல் கேட்டு ஓடிவந்தவர் எதிர்வீட்டு எருமைக்காரர். எங்கள் மனையெல்லாம் ஒரு காலத்தில் அவர் நெல் விளைத்த நிலம். கையைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினார்.

"இன்னாம்மா, வழி தெரியலியா?"

"அங்க ஒருத்தன் பீடி பிடிச்சிட்டு நிக்கிறான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "அது உங்க வூட்டு லைட்டும்மா. காலைலேர்ந்து உங்கப்பா அதுங்கூடத்தான் மல்லுக்கட்டிகினு இருந்தாரு."

சேறும் சகதியுமாக, கணுக்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அம்மா என் தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். "போதும். நாளையிலேர்ந்து வேலைக்குப் போக வேண்டாம்." நானே ஒப்புக்கொண்ட நிபந்தனை. துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைட்டு பத்தலைன்னா லைட்டைத்தானே மாத்தணும்?" என்றார். "அவளை எதுக்கு நிறுத்தணும்?"

குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நூறு வாட்ஸ் பல்பு வாங்கி வந்தார். ஒயரைப் பிரித்துப் பழையபடி கட்டினார். அம்மா முணுமுணுத்தாள், ஆனால் கால் வீக்கம் வடிந்ததும் டிபன் பாக்ஸைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

கல்யாணம் ஆகிறவரை ஆறு வருடம் அந்த வேலைக்குப் போனேன். ஒரு நாள்கூடக் கேட்டு பல்பு எரியாமல் நான் தெருமுனை திரும்பியதில்லை. எத்தனை பல்பு போனது, எப்போது மாற்றினார் என்று நான் யோசிக்கவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை ஒரு வாரம் அம்மா வீட்டில் இருந்தேன். அப்பா ஏதோ காரியமாகப் படப்பைக்குப் போயிருந்தார். சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டால் கேட்டு விளக்கு எரியவில்லை. கழற்றி, பழக்க தோஷத்தில் பூணைத் திருப்பித் தேதியைத் தேடினேன். ஒன்றும் இல்லை. புது பல்பு எடுக்கப் பரணில் ஏறியபோது, அப்பா தூக்கிப் போட மனசில்லாமல் சேர்த்து வைத்திருந்த ஃப்யூஸ் பல்புப் பெட்டி அங்கே இருந்தது. கூடத்து பல்பு, சமையலறை பல்பு, கொல்லை பல்பு, எல்லாவற்றிலும் தேதி. கேட்டுத் தூணில் எரிந்த நூறு வாட்ஸ் பல்புகளும் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூட ஆணிக் கீறல் இல்லை.

பரணிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா கீழேயிருந்து, "பல்பு இருக்காடி?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

இறங்கி வந்து கேட்டுத் தூணில் மாட்டினேன். ஆணியைத் தேடவில்லை. ஆறரை மணிதான் ஆகியிருந்தது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. அப்பா ஏழு மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.