பஸ்ஸில் விட்ட சான்றிதழ்கள்

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் என் பக்கத்து வீட்டு மில் தொழிலாளி சங்கரனின் மகளுக்கு அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் பெற்றோருக்கு பாஸ்போர்ட் விண்ணப்ப வேலைகளில் நான்தான் உதவினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சான்றிதழ்களுக்கு நகலெடுத்துத் திரும்பியவன், அசல்கள் இருந்த பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறித் தேடியும் கிடைக்கவில்லை. சங்கரனைப் பார்த்ததும், “ஆபீஸ்ல கொடுத்திருக்கேன்” என்று பொய் சொன்னேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே அந்தப் பையோடு வந்தார்.

“அதே பஸ்ல வந்த தேவதானத்து விவசாயி ஒருத்தரு எடுத்து வச்சிருந்தாரு சார். நீங்க பஸ் பஸ்ஸா ஏறித் தேடுனத அன்னைக்கே பாத்துட்டேன். நானும் கண்டக்டர்மாருகிட்ட விசாரிச்சுக்கிட்டே இருந்தேன்.”

“அப்பவே ஏன் கேக்கல?”

“நீங்களே எம்புட்டு பதறிப்போய் இருந்திய. நானும் கேட்டா தாங்குவியளா?”

இன்றும் ஒருவர் என்னிடம் பொய் சொல்வது தெரிந்தால், உடனே கேட்டுவிட வாய் துடிக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறேன்.